கிட்டாரை லக்கேஜில் போடலாமா? ஹிஸ்காக்ஸ் லைட்ஃப்ளைட் கேஸ் பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரை லக்கேஜில் போட்டே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஹிஸ்காக்ஸ் கம்பெனியின் லைட்ஃப்ளைட் ஹார்டு கேஸைத் தாராளமாக வாங்கலாம். கேபினுக்குள் எடுத்துப்போக முடிகிறவர்களுக்கு இது வேண்டாம். எலெக்ட்ரிக் வைத்திருப்பவர்களில் பலருக்குத் தேவையே இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ் எல்லாம் வேனிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூர், துபாய், டொரண்டோ என்று வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் கூப்பிடும்போதுதான் தலைவலி. பாடகர்களுக்குத் தொண்டையைப் பார்த்துக்கொண்டால் போதும். கீபோர்டு வாசிப்பவர், "அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம்க்கா" என்று கையை வீசிக்கொண்டு விமானம் ஏறுவார். எனக்கு அது சரிவராது. கழுத்தின் தடிமன், கம்பியின் உயரம் எல்லாம் கைக்குப் பழகியதாக இருந்தால்தான் மூன்று மணி நேரம் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பிடி) பிடிக்க முடியும்.

என்னுடையது யமஹா எஃப்ஜி830. மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் ரோஸ்வுட். (ரோஸ்வுட் என்றதும் கஸ்டம்ஸ் பயம் வரும். 2017 ஜனவரியில் ஈட்டி மரம் உட்பட அந்த இனம் முழுவதையும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்ததால் ஒரு குழப்பம் இருந்தது. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட், யானைத் தந்தம் இருக்கிற பழைய கருவிகளுக்கு இன்னமும் அனுமதித் தாள் வேண்டும்.) ரொம்ப விலை உயர்ந்த கிட்டார் இல்லை. இந்தக் கேஸைப் புதிதாக வாங்கினால் கிட்டார் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதனால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தி மகனிடம் சொல்லி வைத்து, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ப்ரோ-2 வகை, டிரெட்நாட் (பெரிய உடம்புள்ள அக்கூஸ்டிக் கிட்டார்) அளவு.

கேஸ் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர் பக்கம் தயாராகிறது. வெளியே ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு, அதை ஒட்டினாற்போல் உள்ளே கெட்டியான பாலியூரித்தேன் நுரை, இரண்டும் சேர்ந்து ஒரே சுவராக நிற்கிறது. மூடி சேரும் விளிம்பு முழுக்க அலுமினியச் சட்டம். 500 கிலோ பாரத்தைத் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் டிரம்மர் மூடிய கேஸின்மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார், அவர் லேசான ஆள் இல்லை. இத்தனைக்கும் வீட்டுத் தராசில் காலி கேஸ் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான். கிட்டாரோடு சேர்த்து 6 கிலோ.

இந்த எடை விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையில் மிக்சர், கீபோர்டுக்கெல்லாம் பிளைவுட் பலகையில் அலுமினியக் கோணம் அடித்து, மூலைக்கு இரும்புக் குமிழ் வைத்துப் பெட்டி செய்து தருகிறார்கள். கிட்டாருக்கும் கேட்டால் செய்து தருவார்கள். ரயிலடியில் போட்டு உருட்டினாலும் ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் பெட்டி மட்டுமே 12, 13 கிலோ வந்துவிடும். உள்நாட்டு விமானத்தில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன். கிட்டாரைப் போட்டால் கச்சேரிப் புடவைக்கு இடமில்லை. இன்னொரு முனையில் கால்டன் மாதிரி ஃபைபர்கிளாஸ் கேஸ்கள் இருக்கின்றன. அருமையான சாமான், ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் எனக்கு இன்னும் சில யமஹா வந்துவிடும்.

சரி, கேஸ் எதிலிருந்து காப்பாற்ற வேண்டும்? பெட்டி நசுங்கி கிட்டார் உடைவது அபூர்வம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும், திறந்தால் உள்ளே தலை தனியாகத் தொங்கும். எங்கள் லீட் கிட்டாரிஸ்ட்டுக்கு அப்படித்தான் நடந்தது. நல்ல ஹார்டு கேஸ், ஃப்ரஜைல் ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியிருந்தது. கன்வேயரில் ஒழுங்காகத்தான் வந்தது. ஹோட்டல் அறையில் திறந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் அவர் பேசவே இல்லை.

காரணம் இதுதான். கேஸ் நிமிர்ந்து நிற்கும்போது மல்லாக்க விழுந்தால் உடம்பும் கழுத்தும் கேஸின் தாங்கலில் பட்டு நின்றுவிடும். தலை மட்டும் அந்தரத்தில் இருக்கிறது. கம்பியை முறுக்கும் ஆறு டியூனர்களின் எடை வேறு அதில். பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்களின் தலை போகிற மாதிரி, அது பின்பக்கமாகப் போகும். கம்பிகளும் கழுத்தை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கின்றன: லைட் கேஜ் அக்கூஸ்டிக் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். இரண்டையும் தாங்க வேண்டியது நட்டுக்கு (தலைக்குப் பக்கத்தில் கம்பிகள் பதிந்து போகும் பட்டை) அடியில், கழுத்து ஒல்லியாகிற இடம். கிப்சன் லெஸ் பால் வகைக்கு இந்த ஆபத்து அதிகம் என்று ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தலை 17 டிகிரி சாய்வு, ஒரே மஹோகனிக் கட்டையில் செதுக்கியது, போதாக்குறைக்கு டிரஸ் ராடு என்ற, கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் திருகு நட்டுக்காக அந்த இடத்திலேயே ஒரு குழி.

பெரும்பாலான ஹார்டு கேஸ்களைப் போல ஹிஸ்காக்ஸிலும் தலைக்குக் கீழே வெற்றிடம்தான். வெளி ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இந்த வெற்றிடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். நான் பழைய காட்டன் துப்பட்டாக்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்றைத் தலைக்கு அடியில் மடித்து வைப்பேன், தலையைத் தூக்கிவிடாத அளவுக்கு, தொட்டும் தொடாமலும். இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று. மேலே ஒன்று, மூடி மூடும்போது லேசாக அழுத்துகிற மாதிரி. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தின்மேல் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகள்) நடுவில் ஒரு மெல்லிய துணி. பின்முனையில் ஸ்ட்ராப் மாட்டுகிற குமிழைச் சுற்றி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பான்ஜ். கேஸ் செங்குத்தாகத் தரையில் இறங்கினால் அந்தக் குமிழ்தான் அடியை வாங்கி உள்ளே இருக்கும் கட்டைக்குக் கடத்தும், அதைப் பலர் யோசிப்பதில்லை. எல்லாம் முடிந்ததும் கேஸைத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு அசைவும் தெரியக் கூடாது. மூடியை அமுக்கித்தான் கொக்கி போட முடிகிறதென்றால் துணி அதிகம், எடுத்துவிடுங்கள்.

உடம்புப் பகுதிக்கு இந்த வேலை எதுவும் தேவைப்படவில்லை, அங்கே கேஸ் முழு மார்க் வாங்குகிறது. டிரெட்நாட் உட்கார்ந்தால் பக்கவாட்டில் நகராது. கழுத்துத் தாங்கல் சரியான இடத்தில் இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு சின்ன அறை உண்டு, கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), சுருதி பார்க்கும் டியூனர், பிக் போட. வேனில் போகும்போது போடலாம். விமானத்துக்கு அதைக் காலி செய்துவிடுங்கள். அறையின் மூடி குலுங்கித் திறந்தால் அந்த கேப்போவே சுத்தியலாகிவிடும். பெடல் போர்டுக்கு பவர் பேங்க் வைத்திருந்தால் அதை லக்கேஜில் போடவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட் ஹவர் வரை கேபினில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போகலாம்.

கம்பியைத் தளர்த்துவது பற்றி ஆளுக்கொரு சித்தாந்தம் வைத்திருக்கிறார்கள். மேலே காற்றழுத்தம் இல்லாமல் கம்பி அறுந்துவிடும் என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தில் சரக்கு அறைக்கும் கேபினுக்கும் அழுத்தம் ஒன்றுதான், அந்தக் கவலை வேண்டாம். விழுந்தால் கழுத்துக்குப் பாரம் குறைவாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் தளர்த்துவது. ஒரு முழு ஸ்வரம், ஒன்றரை ஸ்வரம் (அதாவது இரண்டு, மூன்று ஃப்ரெட் அளவு) கீழே இறக்கினால் போதும். தொளதொளவென்று விட்டால் உள்ளே இருக்கும் டிரஸ் ராடு கழுத்தை மறுபக்கம் வளைக்கும். அப்புறம் போய் இறங்கிய அன்றைக்கே சவுண்ட் செக்கில் ட்யூன் நிற்காது.

இந்தக் கேஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: சூடு. நுரை கனமாக இருப்பதால் இது கிட்டத்தட்ட ஐஸ் பெட்டி வேலையும் செய்கிறது. விமானம் பறக்கும்போது கிட்டாருக்கு அவ்வளவு சிரமமில்லை. தரையில் டிராலியில் வெயிலில் காத்திருக்கும் அரை மணி, முக்கால் மணிதான் ஆபத்து. கறுப்புக் கேஸ் வேறு. மரப்பசை சூட்டில் இளகும், கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் மெல்ல எழும்பிவிடும். நான் கேஸுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் போட்டு வைத்திருக்கிறேன், அதிகபட்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை, ஈரப்பதமும் காட்டும். துபாயில் ஜூன் மாதம் இறங்கியபோது வெளியே 44 டிகிரி. பெட்டிகள் வர வெகுநேரம் ஆனது. மீட்டரில் அதிகபட்சம் 36. பழைய தெர்மோகோல் கேஸில் இதே மீட்டர், சென்னை மே வெயிலில் வேனுக்குள்ளேயே 47 காட்டியிருக்கிறது.

குளிர் தேசத்திலும் இதே சுவர் உதவுகிறது, ஆனால் பாதி வேலைக்குத்தான். சென்னையில் காற்றில் ஈரம் 70, 80 சதவீதம் இருக்கும். டொரண்டோவில் ஜனவரி மாதம் ஹீட்டர் ஓடுகிற அறையில் அது 25க்குக் கீழே போய்விடும். கிட்டாருக்கு 45 முதல் 55 வரைதான் சுகம். வறண்டால் மேல்பலகை உள்வாங்கும், ஃப்ரெட் முனைகள் துருத்திக்கொண்டு கையைக் கீறும், மோசமானால் பலகை விரியும். இதைக் கேஸ் தானாகத் தடுக்காது. டி'அடாரியோ ஹ்யூமிடிபாக் என்று ஒரு பை வருகிறது, ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். அதை ஒலித்துளையில் தொங்கவிட்டு மூடிவிடுகிறேன். மூடி நன்றாகப் பொருந்துவதால் உள்ளே ஈரம் ஒரே சீராக நிற்கிறது. போய் இறங்கியதும் ஆசையாகத் திறக்காதீர்கள். உடைந்திருக்கிறதா என்று ஏர்போர்ட்டிலேயே ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மூடி, அறைக்குப் போய் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் எடுங்கள்.

குறைகளும் உண்டு. சக்கரம் கிடையாது, முதுகில் மாட்ட வார் கிடையாது, ஒரே ஒரு கைப்பிடி. பெரிய ஏர்போர்ட்டில் டெர்மினல் மாறும்போது 6 கிலோவை ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடந்தால், அன்று சாயங்காலம் அந்தக் கையால் கார்டு பிடிக்கும்போது தெரியும். பூட்டு அமெரிக்க ஏர்போர்ட் பாதுகாப்பைப் பார்க்கும் டிஎஸ்ஏ அதிகாரிகள் பொதுச் சாவியால் திறக்கிற வகை இல்லை. அந்தப் பக்கம் போகும்போது பூட்டாமல், கொக்கிகளைப் போட்டு, மேலே துணி லக்கேஜ் பெல்ட் ஒன்று இறுக்கிவிடுவேன். உள்ளே மேலாக ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில், "தலைக்கு அடியில் இருக்கும் துணியைத் தயவுசெய்து திரும்ப வையுங்கள்" என்று எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். திறந்து பார்க்கிறவர்களும் மனுஷர்கள்தானே, திரும்ப வைக்கிறார்கள். ஏர்போர்ட்டில் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தருவது எனக்குப் பிடிப்பதில்லை. கைப்பிடியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள், அப்புறம் தூக்குகிறவர் எதைப் பிடித்துத் தூக்குவார்? இழுக்கத்தான் செய்வார்.

கவுன்ட்டரில் நடப்பதற்கும் இந்தக் கேஸுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சாதாரண துணிப்பையில் கொண்டுபோனால், "மேடம், இதுல ஒரு சைன் போடுங்க" என்று ஒரு டேகை நீட்டுவார்கள். உடையக்கூடிய பொருள், சரியாகப் பேக் செய்யவில்லை, சேதமானால் நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். இந்தக் கேஸைத் திறந்து உள்ளே எப்படி அடைத்திருக்கிறது என்று காட்டினால், "பேக்கிங் சரியில்லை" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டாம் என்று நாம் தைரியமாகப் பேசலாம். நான் பேசுகிறேன், பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். பெரிய சாமான்களுக்கான ஓவர்சைஸ் வழியாகக் கையால் அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். சாதாரண பெல்ட்டில் போனால் வளைவுகளில் சூட்கேஸ்களோடு மோதும்.

வெளிநாட்டுப் பயணத்தில் லக்கேஜ் சேதத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி விமான நிறுவனம் பொறுப்பு, பொருளின் சொந்தக் குறையால் உடைந்தது என்று அவர்கள் காட்டாத வரை. உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 அமெரிக்க டாலர். இது ஒரு பயணியின் மொத்த லக்கேஜுக்கும் சேர்த்து. அதைவிட மதிப்புள்ள கிட்டார் என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், அல்லது தனி இன்சூரன்ஸ். சேதத்தை எழுத்தில் தெரிவிக்க 7 நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி நகல் வாங்கிக்கொள்வது உத்தமம். 2008இல் சிகாகோ ஓ'ஹேர் ஏர்போர்ட்டில் டேவ் கேரல் என்ற கனடாக் கலைஞரின் டெய்லர் கிட்டார் உடைந்தபோது, 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லித்தான் நஷ்டஈட்டை மறுத்தார்கள். அவர் பாட்டெழுதி யூடியூபில் போட்டு உலகத்தையே திரட்டினார். எல்லோருக்கும் அது அமையாது. எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் கையை விரித்துவிட்டார்.

கேபினுக்குள் எடுத்துப்போவது பற்றி. அமெரிக்காவில் 2012இல் சட்டம் வந்து, 2015 மார்ச் முதல் விதியும் நடைமுறையில் இருக்கிறது: ஏறும்போது மேல் அலமாரியில் இடமிருந்தால் கிட்டாரை உள்ளே விட வேண்டும். அது அந்நாட்டு விமான நிறுவனங்களுக்கு. நம் பக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி, டிக்கெட் போடும் முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடுவார்கள் என்று உறுதியானால் ஹார்டு கேஸ் இடைஞ்சல்தான். மோனோ எம்80 மாதிரி, கழுத்தைத் தாங்கிப் பிடிக்கிற நல்ல கிக் பேக் (மெத்தை வைத்த துணிப்பை) அலமாரியில் சுலபமாக நுழையும். பெரிய விமானங்களில் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணம் பலாலிக்குப் போகிற ஏடிஆர் 72 மாதிரிச் சின்ன விமானத்தில் அலமாரி கைப்பைக்கே திணறும். கிக் பேக்கோடு போய் நின்றால் கடைசி நிமிஷத்தில் வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அந்த மாதிரிப் பாதையில் நான் யோசிக்காமல் ஹிஸ்காக்ஸைத்தான் எடுக்கிறேன்.

எலெக்ட்ரிக் பற்றிச் சொன்னேனே. ஸ்ட்ராட், டெலி மாதிரி வகைகளில் கழுத்தை உடம்போடு நாலு திருகாணிதான் பிடித்திருக்கிறது. கம்பியைத் தளர்த்தி, ஆறாவது ஃப்ரெட் பக்கம் கேப்போ போட்டுக் கம்பியைப் பிடித்து வைத்து, நாலையும் கழற்றினால் இரண்டு துண்டு. உடம்பைச் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைக்கலாம், கழுத்தை டவலில் சுற்றி மூலைவாட்டில் வைக்கலாம். போய் இறங்கி மாட்ட அரை மணி கூட ஆகாது. திருகாணிகளை ஒரு சின்னக் கவரில் போட்டு அதே சூட்கேஸில் வையுங்கள், ஸ்க்ரூ டிரைவரையும். எங்கள் குழுவில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. ஒட்டிய கழுத்துள்ள கிட்டார்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்கள் நல்ல கேஸும் துணிச்சுருளுமாகத்தான் போக வேண்டும்.

ஐந்துக்கு நாலு மார்க் கொடுக்கிறேன். சக்கரமும் இன்னொரு கைப்பிடியும் இருந்திருந்தால் நாலரை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் மூன்று இடத்தைப் பாருங்கள். அலுமினியச் சட்டம் எங்காவது வளைந்திருந்தால் மூடி ஒட்டாது, சூட்டுப் பாதுகாப்பு போய்விடும். கொக்கிகளை எல்லாம் போட்டுக் கேஸைப் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்துப் பாருங்கள், ஒன்றுகூட ஆடக் கூடாது. பிறகு உள்ளே கழுத்துத் தாங்கலை விரலால் அழுத்துங்கள், அமுங்கியது திரும்ப எழ வேண்டும். வெளி ஓட்டில் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.